எதிர் மாடியின் பச்சை விளக்கு

என் அக்கா மோஸா அல்வாவை மென்றபடி சிரித்தபோதுதான் பல்லுக்கு மேல் மாட்டியிருந்த அந்தக் கேப்பைப் பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல், புத்தம் புதுசு. நான் போட்டதல்ல.

வெள்ளிக்கிழமை மதியம், சோற்றுத் தாம்பாளத்தை எடுத்துவிட்டு அல்வா வைத்திருந்த நேரம். பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எனக்கு அந்தப் பல்லைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. இந்த நிஸ்வா ஊரில் பல் வைத்தியம் பார்ப்பவள் நான். என் கூடப்பிறந்தவள் வாயில் இன்னொருத்தியின் கைவேலை!

"யாரு போட்டா?" என்றேன்.

அக்கா விரலைத் துடைத்துக்கொண்டாள். "நஸ்ரா."

நஸ்ரா கல்லூரியில் என் பக்கத்து நாற்காலிக்காரி. அப்போதே என்னைவிட ஒரு படி மேலே நிற்பாள். இப்போது என் கிளினிக்குக்கு எதிர் மாடியில் கிளினிக் வைத்திருக்கிறாள், நடுவில் ஒரு சந்துதான். காற்றைச் சுத்தம் செய்யும் மிஷின் ஒன்றை வாங்கி ஜன்னலோரம் வைத்திருக்கிறாள். காற்று நன்றாக இருந்தால் அதில் பச்சை விளக்கு, கெட்டால் சிவப்பு. அது எந்நேரமும் பச்சைதான். நான் யாருக்காவது பல் பிடுங்கும்போதுகூட அந்தப் பச்சை என் கண்ணைக் குத்தும்.

"கோச்சுக்காத ஸுவைனா. எனக்கு இழுப்பு இருக்கு. அங்க உக்காந்தா மூச்சு சிரமமில்லாம வருது."

"அப்ப என் கிளினிக்ல?"

அக்கா தட்டைப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், வேறென்ன பேர் வைப்பது?

அவளிடம் ஒன்று இருந்தால் என்னிடம் இரண்டு. அதைவிடப் பெரிய மிஷின்களாக வாங்கினேன். பல்லைக் குடையும்போது சிதறும் சாரலையும் தூளையும் வாயருகிலேயே உறிஞ்சிவிடும் குழாய் ஒன்று. கெட்ட காற்றை வெளியே தள்ள மின்விசிறி. எல்லாம் மாட்டி முடித்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"பக்கத்துப் பல்லும் சொத்தை. அல்வா தின்னப்பவே பாத்தேன். ஞாயித்துக்கிழமை வா. எனக்காக வா."

"வர்றேன்டி," என்றாள்.

ஞாயிறு காலை தூபக்காலில் கங்கு போட்டு, தினமும் போடுவதைப்போல இரண்டு மடங்கு சாம்பிராணி போட்டேன். வருகிறவளுக்குப் புகை காட்டாமல் என்ன வரவேற்பு? நஸ்ராவின் கண் பட்டுவிடக் கூடாதென்று மிஷின்களுக்கும் சுற்றினேன். இரண்டும் ஒரே நேரத்தில் சிவப்பாகி, ஊரைக் கூட்டுவதுபோல் இரைய ஆரம்பித்தன.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். தூபக்காலை ஏந்திக்கொண்டு எதிரே போனேன். அவளும் முறைப்படி முக்காட்டை விரித்துப் புகையை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் அப்படியே குனிந்து இருமினாள். பையைத் துழாவி இழுப்பு மருந்தை எடுத்து வாயில் அடித்துக்கொண்டாள்.

"கடைக்காரன் ஓட்ட மிஷின என் தலையில கட்டிட்டான்க்கா!"

"மிஷின் நல்லாத்தான்டி இருக்கு. என் நெஞ்சு சொல்றதத்தான் அதுவும் சொல்லுது. மொதல்ல அந்தத் தூபக்கால வெளிய வை."

"இத்தன நாளா ஏன் வாயத் தொறக்கல?"

"நீ ஆசையா ஏந்திட்டு வர்ற. தங்கச்சி நீட்டுறத வேணாம்னு தள்ளுவாங்களா? அங்க நான் வெறும் நோயாளி. நஸ்ரா எனக்கு எதுவும் நீட்டல."

தூபக்காலைப் பால்கனியில் வைத்துவிட்டு ஜன்னல்களையெல்லாம் திறந்தேன். மிஷின்களின் இரைச்சல் மெல்லத் தணிந்து பச்சை வந்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். சொத்தையைப் பார்ப்பதற்கு முன் நஸ்ராவின் கேப்பைச் சுற்றிப் பல் சோதிக்கும் கூர்க்கம்பியை ஓட்டினேன். எங்கேயாவது இடுக்கில் மாட்டாதா என்று மூன்று சுற்று ஓட்டினேன். பாவி, எங்குமே மாட்டவில்லை.

வெறுத்துப்போய் நிமிர்ந்தால், எதிர் மாடியில் சிவப்பு!

பால்கனிப் புகை சந்தின் மேலாக நேராக அவள் ஜன்னலுக்குள் போய்க்கொண்டிருந்தது. நஸ்ரா ஓடிவந்து மிஷினைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"எதுக்குடி சிரிக்கிற?" அக்கா எழுந்து வந்தாள். எதிர்ப்பக்கம் யாரோ விடாமல் இருமுவது கேட்டது. அக்காவின் கை தானாகத் தன் நெஞ்சுக்குப் போனது.

அவளுக்காகக் காய்ச்சி வைத்திருந்த ஏலக்காய்க் காப்பியைக் கூஜாவோடு எடுத்துப்போய்த் தூபக்காலில் கவிழ்த்தேன். சுர்ரென்று அணைந்தது. அங்கே பச்சை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பியது. நஸ்ராவுடைய பச்சை என்னுடையதைவிடக் கொஞ்சம் அழகாகவே இருந்தது, பாழாய்ப்போன பச்சை.

"வாக்கா," என்றேன். "வாயத் தொற."