நாற்பத்தோராவது நொடி

லிஃப்ட் மெக்கானிக்கின் மச்சினி ஓர் அச்சகத்தில் டிசைன் செய்பவள். அக்கா வீட்டுக்காரர் ஏழு மாதமாக வேலையில்லாமல் கூண்டுக்குள் நடப்பதுபோல வீட்டுக்குள் நடப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே நாற்பது கார்டுகள்.

விசிட்டிங் கார்டுதான். ஆனால் லிஃப்ட் வாசலில் இருக்கும் பொத்தான் பலகை மாதிரியே செய்திருந்தாள். சாம்பல் நிறம், மேலே ஓர் அம்பு, கீழே ஓர் அம்பு, நடுவில் அவர் பெயரும் போன் நம்பரும், மூலையில் கார்டின் வரிசை எண்ணும்.

"மாமா, உங்க போனை மேல் அம்பு மேல வைங்க."

வைத்தார். அம்புக்குள் பச்சை விளக்கு எரிந்தது. போனில் ஒரு பக்கம் தானாகத் திறந்தது. அவருடைய இருபத்திரண்டு வருட வேலை, சான்றிதழ்கள், அடியில் ஒரு நிமிடம் பத்து நொடி ஓடும் ஒரு வீடியோ.

"பேட்டரி எங்க இருக்கு?"

"பேட்டரியே கிடையாது மாமா. உள்ள ஒரு சிப் இருக்கு. போன்லேருந்தே கரண்ட் எடுத்துக்கும்."

"வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லு," என்றார். ஏழு மாதத்தில் அவர் அடித்த முதல் ஜோக். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சட்டியில இருந்தாதான் அகப்பையில வரும். உங்ககிட்ட சரக்கு இருக்கு. எடுத்துக் காட்டத்தான் தெரியாது. இப்பவாவது காட்டுங்க," என்றாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். இந்த ஏழு மாதமும் வீடு அவள் சம்பளத்தில்தான் நடந்தது. ஒரு நாள்கூட அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வீடியோ பழைய கம்பெனியில் கடைசியாகச் செய்த வேலைகளில் ஒன்று. பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் உள்ள மெஷின் ரூமில், லிஃப்டின் பிரேக்கை அவர் சரிசெய்து விளக்குவதைக் கூட வேலை பார்த்தவர் போனில் எடுத்தது. அடுத்த வாரமே கம்பெனி கைமாறியது. பழைய ஆட்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேலைவாய்ப்பு முகாமில் பதினோரு கார்டு கொடுத்தார். ஒவ்வொரு மேஜையிலும் விண்ணப்பங்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. லிஃப்ட் கம்பெனி ஒன்றின் மேஜையில் இருந்த கண்ணாடி போட்ட அதிகாரியம்மா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போனை வைத்தாள். விளக்கு எரிந்ததும் பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள். சூப்பர்வைசர் வேலை. வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு நேர்காணல், தலைமை இன்ஜினியரும் இருப்பார்.

புதன்கிழமை சாயங்காலம் மச்சினி ஓடிவந்தாள். எந்தக் கார்டை யார் எத்தனை முறை திறக்கிறார்கள் என்பது அவளுடைய கம்ப்யூட்டரில் தெரியுமாம்.

"மாமா, ஏழாம் நம்பர் கார்டு யார்கிட்ட குடுத்தீங்க?"

"அந்த லிஃப்ட் கம்பெனி அம்மாகிட்ட."

"ஒன்பது தடவை வீடியோ போட்டிருக்காங்க. ஒன்பது தடவையும் சரியா நாற்பத்தோராவது நொடியில நிறுத்தியிருக்காங்க. அங்க அப்படி என்ன இருக்கு?"

மனைவிக்கு வாயெல்லாம் பல். அவருக்கு மட்டும் என்னவோ போலிருந்தது. ஒன்பது முறை நிறுத்திப் பார்க்கிற அளவுக்கு அதில் அழகு ஒன்றும் இல்லை. போனை எடுத்து நாற்பத்தோராவது நொடியில் நிறுத்தினார். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி பேசிக்கொண்டிருக்கிறார். முழங்கைக்குப் பின்னால் கியர் பாக்ஸ், அதை ஒட்டிப் பிரேக் டிரம். விரலால் படத்தைப் பெரிதாக்கினார். டிரம்மின் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று பளபளத்தது.

எண்ணெய்.

கியர் பாக்ஸின் ஆயில் சீல் கசிந்து, பிரேக் பிடிக்கிற இடத்துக்கு எண்ணெய் வந்துகொண்டிருக்கிறது. எண்ணெய் பட்ட பிரேக் எத்தனை நாள் பிடிக்கும்? அன்று அவர் அதைப் பார்க்கவில்லை. பதிவேட்டில் 'எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது அவர்தான்.

"என்னங்க, முகம் இப்படி ஆயிடுச்சு?"

சொன்னார். மனைவி தங்கையிடம், "வேற வீடியோ மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு நிமிஷம்க்கா."

"மாத்திடு. எட்டு மாசம் ஆச்சு, புதுசா வந்தவங்க பாத்திருப்பாங்க. நாளைக்கு இவர் போய் நல்லபடியா உக்காரட்டும்."

"பாக்கலேன்னா?" என்றார் அவர்.

கட்டடத்துக்குப் போன் போட்டார். எடுத்தவர், "லிஃப்ட் ஓடுதுங்க, நீங்க யாரு?" என்று கேட்டு வைத்துவிட்டார். இப்போது பராமரிக்கும் கம்பெனிக்குப் போட்டார். பதிவு செய்த குரல் ஒன்று, மூன்று வேலை நாட்களுக்குள் தொடர்பு கொள்வதாகச் சொன்னது. இரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தார். வீடியோவை மாற்றச் சொல்லவில்லை.

காலையில் நேர்காணலுக்கான வெள்ளைச் சட்டையோடு எட்டு மணிக்கே கிளம்பினார்.

"பதினொன்றரைக்கு எட்டு மணிக்கா?" என்றாள் மனைவி. அவர் வேறு பக்கம் போகிற பஸ்ஸைப் பிடிக்கப்போவது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. "போனை மட்டும் எடுங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அந்தக் கட்டடத்தில் எல்லா மாடியும் ஆபீஸ்தான். காலை நேரத்தில் லிஃப்ட் வாசலில் ஒரு கூட்டம் எப்போதும் நிற்கும். அவர் போய் நின்ற நேரம் லிஃப்ட் வந்து திறந்தது. உள்தளம் வெளித்தளத்தைவிட நாலு விரற்கடை கீழே நின்றது. வெளியே வந்த ஒரு பெண்ணின் செருப்பு தட்டி, கையிலிருந்த பைல்கள் சிதறின.

"பத்து நாளா இப்படித்தான்," என்றார் வாசல் காவலாளி. "அதுக்கும் வயசாகுதுல்ல?"

கட்டட மேலாளரைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆனது. இஸ்திரி மடிப்பு கலையாத மனிதர். மெஷின் ரூம் சாவி கேட்ட அந்நியரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எந்தக் கம்பெனி?"

"இப்போ எந்தக் கம்பெனியும் இல்லைங்க."

"அப்ப எதை நம்பிச் சாவி குடுக்கறது? வழியில போறவங்க எல்லாம் லிஃப்ட் சரியில்லைன்னா, நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

வேறு வழியில்லாமல் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். "உங்க போனை இந்த அம்பு மேல வைங்க. வீடியோவைப் போடுங்க."

மேலாளர் சலிப்போடு வைத்தார். விளக்கு எரிந்தது. வீடியோ ஓடியது. அவருடைய புருவம் மெல்ல ஏறியது.

"இது நம்ம மேல்மாடி ரூம்தானே?"

"ஆமாங்க. நாற்பத்தோராவது நொடியில நிறுத்துங்க. என் முழங்கைக்குப் பின்னாடி பாருங்க. அந்த எண்ணெயை நான் அன்னிக்குக் கவனிக்கல. தப்பு என்னுதுதான். இப்ப அது எப்படி இருக்குன்னு பாக்கணும். முதல்ல லிஃப்டை நிறுத்துங்க."

வேலை தேடுகிற ஒருவன் தன் கார்டைக் கொடுத்துத் தன் தப்பைக் காட்டுவதை மேலாளர் அதுவரை பார்த்ததில்லை. சாவியை எடுத்தார். ஆனால் லிஃப்டை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. "இந்த நேரத்துல நிறுத்தினா என்னைப் பிச்சுப் பிடுங்கிடுவாங்க. முதல்ல பாப்போம்," என்று லிஃப்டை நோக்கி நடந்தார்.

"படியில போலாங்க," என்றார் மெக்கானிக்.

பதினோரு மாடி. எட்டாவது மாடியில் மேலாளர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். மெக்கானிக்குக்கு நிற்கத் தோன்றவில்லை.

கதவைத் திறந்ததும் கருகிய வாடை முகத்தில் அடித்தது. டிரம் முழுக்க எண்ணெய். தரையில் ஒரு குட்டை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண் முன்னாலேயே மோட்டார் நின்றது, பிரேக் கட்டை டிரம்மைக் கவ்வியது. ஆனால் டிரம் நிற்கவில்லை. மெல்ல, வழுக்கியபடி, சுற்றிக்கொண்டே இருந்தது.

கீழே எங்கோ கதவு திறந்த நிலையில், ஆட்களோடு லிஃப்ட் இறங்கிக்கொண்டிருக்கிறது.

"அந்தச் சிவப்புக் கைப்பிடி, கீழே இழுங்க!" என்று கத்தியபடி மோட்டார் முனையில் இருந்த கைச்சக்கரத்தைப் பாய்ந்து பிடித்தார். மேலாளர் மெயின் சுவிட்சை இழுத்தார். கரண்ட் போனது. சக்கரம் உள்ளங்கையை உரசிக்கொண்டு இன்னும் கால் சுற்று போய், பிறகு நின்றது. விட்டால் மறுபடி நகரும் என்பது தோள்பட்டையில் தெரிந்தது.

கம்பிவடத்தில் மாடிகளுக்கு அடையாளமாகப் பூசியிருந்த பெயிண்டைப் பார்த்தார். "ஆறாவது மாடி. ரெண்டு ஜாண் கீழே நிக்குது. காவலாளியை அங்க ஓடச் சொல்லுங்க. யாரும் தாவக் கூடாது. நான் சொன்னா ஒரு ஆள், மறுபடி சொன்னா அடுத்த ஆள்."

மேலாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதைச் சொல்லச் சொல்ல, காவலாளியின் மூச்சிரைப்பு இங்கே கேட்டது. உள்ளே பதினோரு பேர். கதவு பாதி திறந்திருக்கிறது. ஒரு பெண் அழுகிறாள்.

"முதல் ஆள்," என்றார். "ம். அடுத்த ஆள்."

ஒவ்வொருவர் இறங்கும்போதும் கைச்சக்கரத்தில் சுமை குறைந்தது. ஆறாவது ஆள் இறங்கியதும் பிடி லேசானது. அதுதான் பொல்லாத இடம். லிஃப்ட் இலேசாகிவிட்டால், மறுமுனையில் தொங்கும் எடைக்கட்டை அதை மேலே இழுக்கும். அப்போது காலை வெளியே வைப்பவன் கதி என்ன ஆகும்? "நிறுத்துங்க!" என்று சொல்லிவிட்டுக் கையை மாற்றி எதிர்ப்பக்கமாகச் சக்கரத்தைக் கட்டிப் பிடித்தார். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் எண்ணெயில் ஊறியது. "இப்ப அடுத்த ஆள்."

அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. விடாமல் அடித்தது.

"எடுத்து என் காதுல வைங்க," என்றார். மேலாளர் வைத்தார்.

"சார், பதினொன்று நாற்பது ஆச்சு. தலைமை இன்ஜினியர் காத்துக்கிட்டு இருக்காரு. எங்க இருக்கீங்க?" அதிகாரியம்மாவின் குரல்.

"வர முடியலம்மா. கையில லிஃப்ட் இருக்கு."

"என்ன இருக்கு?"

"நீங்க பாத்தது சரிதான். நாற்பத்தோராவது நொடியில டிரம்ல எண்ணெய். அதான் இங்க வந்தேன்."

"என்ன எண்ணெய்? என் போன்ல அந்த வீடியோ நாற்பத்தொன்னுலயே நின்னு நின்னு போச்சு சார். ஒன்பது தடவை போட்டும் முழுசா பாக்கவே முடியல!"

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பிடி தளர்ந்துவிடும் என்று பல்லைக் கடித்தார். "அப்புறம் பேசறேம்மா," என்றார். "அடுத்த ஆள்."

கடைசி ஆள் இறங்கியபோது பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். காவலாளி ஒவ்வொரு மாடி வாசலிலும் கயிறு கட்டும் வரை காத்திருந்து, சக்கரத்தையும் கட்டையால் முட்டுக்கொடுத்த பிறகுதான் கையை எடுத்தார். விரல்கள் விரியவில்லை. மேலாளர் அவர் பக்கத்தில் எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சூப்பர்வைசர் வேலைக்கு அன்று வந்திருந்த இன்னொருவரை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் நடந்ததைக் கேள்விப்பட்ட தலைமை இன்ஜினியர் சனிக்கிழமை மெக்கானிக்கைக் கூப்பிட்டனுப்பினார். நரைத்த தலை, கட்டை விரல் நகம் கறுத்த மனிதர். மேஜைமேல் வீடியோ அந்த நொடியில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

"நல்ல காரியம் பண்ணீங்க, அது வேற. இருபத்திரண்டு வருஷம் வேலை பாத்த கண்ணு. இது எப்படித் தப்புச்சு?"

வெளிச்சம் குறைவு என்று சொல்லியிருக்கலாம். கம்பெனி கைமாறுகிற கவலை என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் நாக்கு வரைக்கும் வந்தது.

"கேமராவைப் பாத்துக்கிட்டு இருந்தேங்க," என்றார். "மெஷினைப் பாக்கல."

இன்ஜினியர் வீடியோவை மூடினார். பிறகு, "சூப்பர்வைசர் வேலை இல்ல. சாதா மெக்கானிக். மூணு மாசம் பாப்போம். சம்மதமா?" என்றார்.

"சம்மதங்க."

நேராக மருந்துக்கடைக்குப் போனார். மனைவி கவுண்டரில் நின்றிருந்தாள். எதிரே நாலைந்து பேர். அவர் வரிசையில் கடைசியில் போய் நின்றார். தன் முறை வந்ததும், "திங்கட்கிழமை சேரச் சொல்லிட்டாங்க. மெக்கானிக்காத்தான்," என்றார்.

"சரி, தள்ளி நில்லுங்க. பின்னாடி ஆள் நிக்குறாங்க," என்றாள் அவள், கண்ணை நிமிர்த்தாமல். பின்னால் நின்றவர் கேட்ட மாத்திரை அட்டையை எடுத்துக் கத்தரிக்கோலை வைத்தாள். வெட்டு கோணலாக ஓடி ஒரு மாத்திரையை இரண்டாகப் பிளந்தது. அவள் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறோர் அட்டையை எடுத்தாள்.