நூற்றுக்கு முப்பத்தைந்து

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு வங்கி அறிக்கை. ஒன்பது பக்கம். 1968 மார்ச்சில் நானே தட்டச்சுச் செய்தது. காபன் பிரதி இப்போதும் என் அலுமாரியில் வேட்டிகளுக்கு அடியில் கிடக்கிறது. அப்போது எல்லோரும் நல்ல அறிக்கை என்றார்கள்; அந்த வருடமே எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. பதின்மூன்று வருடம் கழித்து, அதில் நான் போட்ட ஒரு சொல்லுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "திருக்கோணமலைத் துறைமுகத்தில் அன்று கடல்

(நிறுத்திவிட்டேன். கடலில் தொடங்கினால் பழி முழுவதும் கடலின் தலையில் விழும். எனக்கு வசதிதான், ஆனால் சரியில்லை.)

இரண்டாவது தொடக்கம்: "கணக்கப்பிள்ளை இராசதுரை ஒரு நேர்மையான

(இதையும் விட்டுவிட்டேன். அந்தச் சொல்லை அவருக்குக் கொடுக்க எனக்கு அருகதை இல்லை.)

எண்களில் தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

2

அந்தக் கம்பனியை வத்தைக் கம்பனி என்றே வைத்துக்கொள்வோம். பெரிய கப்பல்கள் துறைமுகத்தின் நடுவில் நங்கூரமிட்டு நிற்கும். கரையிலிருந்து தேயிலைப் பெட்டிகளை வத்தை என்ற தட்டையான படகுகளில் ஏற்றி, கப்பலடிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது கம்பனியின் தொழில். நாற்பது பேர் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். முதலாளி இன்னும் இரண்டு வத்தை வாங்க எங்கள் வங்கியில் கடன் கேட்டார். கம்பனியின் நிலைமையை ஆராய என்னை அனுப்பினார்கள். எனக்கு வயது இருபத்தெட்டு.

சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையும் இலாப நட்டக் கணக்கும் ஐந்து வருடத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு வருடக் கணக்கைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்க்க வேண்டும். கைவசம் இருந்த சொத்து, உடனே கொடுக்க வேண்டிய கடனைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு: நல்லது. வரவேண்டிய பணம் நாற்பது நாளில் வந்துவிடுகிறது: நல்லது. சம்பளத்தை வருமானத்தால் வகுத்தேன். வருமானம் நூறு ரூபாய் என்றால் அதில் சம்பளம் எவ்வளவு?

1963: முப்பத்தொன்று. 1964: முப்பத்தொன்று. 1965: முப்பத்தைந்து. 1966: முப்பத்தைந்து. 1967: முப்பத்தைந்து.

கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால் விலைவாசி என்று விட்டிருப்பேன். இது ஒரே தடவையில் ஏறி அங்கேயே நின்றுவிட்டது. அப்படியென்றால் அந்த இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது. (எனக்கு அன்று வந்த சந்தோசத்தை மறைக்கப் போவதில்லை. திருடனின் காலடியைக் கண்டுபிடித்ததாக நினைத்தேன்.)

இறங்குதுறைக்குப் போய் ஆட்களை எண்ணினேன். நாற்பது. சம்பளக் கொப்பியைத் திறந்து பெயர்களை எண்ணினேன். நாற்பத்தைந்து.

3

கம்பனியின் கணக்கப்பிள்ளை இராசதுரை அன்புவழிபுரத்துக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். கதையில் அவருக்கு மூன்று வடிவம் எழுதினேன். முதலாவதில் அவர் ஐந்து சம்பளத்தில் ஒன்றைத் தன் சட்டைப்பையில் போட்டார். அதைக் கிழித்துவிட்டேன், அவர் ஒரு சதமும் எடுக்கவில்லை. இரண்டாவதில் நான் கேட்டபோது அவர் வாயே திறக்கவில்லை. அதைக் கிழிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அவர் பேசாமல் இருந்திருந்தால் நான் தெரியாமல் செய்தவன் ஆகிவிடுவேன், பாருங்கள்.

அவர் பேசினார். மூன்றாவது வடிவம் இதுதான், நடந்ததும் இதுதான்.

"தம்பி, அந்த அஞ்சு பேரையும் விடுங்கோ" என்றார்.

"ஆர் அண்ணை அவை?"

"அறுவத்திநாலு கார்த்திகையில கயிறு அறுந்து ஒரு வத்தை வெளிக்கடலுக்குப் போனது. அதில இருந்தவை. ஒருத்தற்ற உடம்பும் கரைக்கு வரேல்ல."

"செத்த ஆக்களுக்குச் சம்பளமோ?"

"செத்ததெண்டு ஆர் எழுதினது? பொலிஸ் கொப்பியில காணாமல் போனவை எண்டுதான் கிடக்கு. அப்ப நான் என்னெண்டு பேரை வெட்டுறது?" கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வள்ளத்தில போய் வராதவன்ர பங்கை அவன்ர வீட்டுக்குக் குடுக்கிறது எங்கட கரை வழக்கம். மூத்த பிள்ளை உழைக்கும் வரைக்கும். மாசக் கடைசியில பெண்டுகள் வந்து புருசன்ர பேருக்கு நேரே பெருவிரலை வைச்சிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போவினம். முதலாளிக்கும் தெரியும்."

"எழுத்தில இருக்கோ?"

"இதெல்லாம் எழுதுற கதையோ, தம்பி?"

நான் எழுதினேன். ஏழாம் பக்கம், மூன்றாம் பந்தி: "இறந்த ஐவரின் பெயரில் சம்பளம் பெறப்பட்டு வருகிறது."

4

[இந்த இடத்தில் வாசகருக்கு வேறு முடிவுகள் தருவது வழக்கம். எனக்கும் ஆசைதான்.

முடிவு அ: நான் அந்தப் பந்தியை எழுதாமல் விடுகிறேன். விகிதம் முப்பத்தைந்திலேயே நிற்கிறது. எனக்குப் பதவி உயர்வு இரண்டு வருடம் பிந்துகிறது. அவ்வளவுதான்.

முடிவு ஆ: முதலாளி எழுந்து, "எனக்குத் தெரிஞ்சுதான் நடந்தது" என்று சொல்கிறார்.

ஆ நம்பும்படியாக இல்லை. அ நம்பும்படியாக இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.]

5

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கி விளக்கம் கேட்டது. முதலாளி தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். கள்ளக் கணக்கு எழுதியதாக இராசதுரை பதினொரு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்தபின் யாரும் அவர் கையில் பேனா கொடுக்கவில்லை. மடத்தடியில் ஒரு கடையில் சீமெந்துச் சாக்கு எண்ணிக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் சைக்கிளில் போகும்போது என்னைப் பார்த்து, வழக்கம்போலத் தலையாட்டினார். 1970இல் காலமானார்.

ஐந்து பெயரையும் சிவப்பு மையால் வெட்டினார்கள். 1968இன் விகிதம் முப்பத்தொன்று. கடன் கொடுத்தோம்.

1969: முப்பத்தெட்டு. 1970: நாற்பத்தேழு.

ஏன் என்று பார்க்க மறுபடியும் என்னைத்தான் அனுப்பினார்கள். சம்பளம் கூடவில்லை, வருமானம் விழுந்திருந்தது. கடல் கொந்தளிக்கும் வாடைக்காற்றுக் காலத்தில் ஆட்கள் இறங்குதுறைக்கு வந்தார்கள், ஆனால் வத்தையில் ஏறவில்லை. கப்பல்கள் நாட்கணக்கில் காத்துக் கிடந்துவிட்டு வேறு கம்பனியைப் பிடித்தன. தம்பு என்ற தண்டையல், ஒரு வத்தைக்குப் பொறுப்பானவர், என்னிடம் சொன்னார்: "முந்தி நாங்கள் திரும்பி வராட்டிலும் வீட்டுக்குக் காசு போகுமெண்டு தெரியும். இப்ப நாங்கள் ஏன் சாகவேணும்?"

நூற்றுக்கு நான்கு என்ற அந்த நான்கு ரூபாயில்தான் கம்பனியே மிதந்துகொண்டிருந்தது. அதைச் செலவு என்ற நிரலில் போட்டு வீண்விரயம் என்று எழுதியவன் நான். எழுபத்தொன்றில் வத்தைகளை ஏலத்தில் விற்றார்கள்.

(ஒரு நல்ல எழுத்தாளன் கதையை இங்கே முடித்திருப்பான். கணக்குத் தன் பழியைத் தானே தீர்த்துக்கொண்டது என்று ஒரு வசனம் போட்டால் போதும். ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது கம்பனிக்காக இல்லை.)

6

எழுபத்துநாலில் ஒரு பெண் வங்கிக்கு வந்தார். கிண்ணியாக்காரி, நஜ்முன் நிஸா. அந்த ஐவரில் ஒருவரான அபூதாஹிரின் மனைவி. கடன் கேட்க வந்தவர் என்று நினைத்துக் கதிரை காட்டினேன். உட்காரவில்லை. மடித்து மடித்துப் பழுப்பேறிய ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். கம்பனி அனுப்பியது. வங்கியின் அறிவுறுத்தலின்படி, இறந்த அபூதாஹிரின் பெயர் 1968 மார்ச் பதினான்காம் திகதி முதல் நீக்கப்படுகிறது. அது என் அறிக்கையின் திகதி.

"இதில 'இறந்த' எண்டது நீங்க எழுதின சொல்லாம், ஐயா. இராசதுரை ஐயா மவுத்தாகிறதுக்கு முந்திச் சொன்னவர்."

"ஓம்" என்றேன்.

"மூண்டரை வருசமா அவர் மவுத்தா ஹயாத்தா எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாமப் போச்சு. புருசன் மவுத்தானாப் பொண்டாட்டி இருக்கிற இத்தாவும் நான் இருக்கல்ல. மாசா மாசம் போய் அவர்ர பேருக்குப் பக்கத்தில விரல வப்பன். இந்தக் கடிதம் வந்த அண்டைக்குத்தான் வெள்ளச் சீல உடுத்து, நாலு மாசம் பத்து நாள் உள்ளுக்க இருந்தனான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். காசு என்று தொடங்கினேன் என்று நினைக்கிறேன்.

"காசுக்கு வரல்ல. எங்கட மகள் ஸல்ஹாவக் கொழும்பில வீட்டு வேலைக்கு விட்ட, அதோட சாப்பாடு நடக்குது" என்றார். "அவருக்குக் கபுறு இல்ல. மவுத்தான நாளும் இல்ல. நீங்க குடுத்த திகதியிலதான் வருசா வருசம் அவர்ர பேரால குர்ஆன் ஓதிக் கத்தம் குடுக்கிறம். நாளக் குறிச்சவர் நீங்க, ஒருக்காலாவது வரவேணும். அதச் சொல்லத்தான் வந்தனான்."

அவர் குரலில் கோபம் இருந்ததா என்று ஏழு வருடமாக யோசிக்கிறேன். கோபம் என்று ஒரு பிரதியிலும், மன்னிப்பு என்று இன்னொரு பிரதியிலும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் என் சௌகரியத்துக்கு எழுதியவை.

7

நான் ஒரு தடவையும் போகவில்லை.

இன்று 1981 மார்ச் பதினான்கு. கிண்ணியாவுக்குப் போகிற பாதை, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கும் அந்த மிதவை, எதிரே வந்துகொண்டிருக்கிறது. இந்தக் கடைசிப் பக்கத்தைத் துறையில் ஒரு தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருந்துதான் எழுதுகிறேன். காபன் பிரதி மடியில் இருக்கிறது. அங்கே போய் என்ன சொல்வது என்று ஆறு வாக்கியம் எழுதி ஆறையும் வெட்டிவிட்டேன்.

பாதை கரை தட்டிவிட்டது. ஆட்கள் இறங்குகிறார்கள்.

நீங்கள் ஏழாம் பக்கம் மூன்றாம் பந்தியை வாசித்துவிட்டீர்கள். என்னை ஏற்றுவதா, இந்த வாங்கிலேயே விடுவதா என்று நீங்களே எழுதுங்கள். அந்த ஐந்து பேரைப் பற்றியும் நான்தான் முடிவு எழுதினேன். இனி ஒரு ஆளின் முடிவையும் நான் எழுதப் போவதில்லை.