எழுபது டிகிரியில் நின்ற கதை

முட்டியில் வைத்த கோணமானி எழுபதைக் காட்டியதும் டிரைவர் ஐயா, "ஐயோ, விட்டுடும்மா!" என்று கூரை அதிர அலறினார். நேற்றும் எழுபதில்தான் அலறினார். போன வாரமும் அதே எழுபது. உடைந்த முட்டிச் சிப்பி ஒட்டிவிட்டது, வீக்கம் வற்றிவிட்டது, எக்ஸ்ரே சுத்தம். ஆயுள் முழுக்க பஸ்ஸின் பிரேக்கை மிதித்த அந்தக் கால் மட்டும், யாரோ உள்ளே இன்னும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருப்பதைப் போல நின்ற இடத்திலேயே நின்றது.

முட்டியை மடக்கிய பிசியோதெரபிஸ்ட் கையை எடுத்த மறுவிநாடி வலி மாயமாகிவிட்டது. "சரி, கதையில அந்தப் பெட்டி என்னாச்சு? தட்டுற சத்தம் கேட்டுச்சே?" என்றார் ஆவலாக.

கதைக்காரம்மாவுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

அது நோயாளிகள் வைத்த பெயர். சின்ன வயதில் அவள் வீட்டில் வாரப் பத்திரிகை வாங்குவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா படித்துவிட்டுக் கொடுத்தால்தான் உண்டு. தொடர்கதையின் கடைசி வாரம் மட்டும் எப்படியோ அக்காவின் அலமாரியில் விரிக்கப் போய்விடும். வராத வாரங்களை இவளே இட்டுக்கட்டித் தம்பிகளுக்குச் சொன்னாள். கத்தி ஓங்கிய இடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். வளர்ந்ததும் எழுதி அனுப்பிப் பார்த்தாள். 'தொடக்கம் பிரமாதம், முடிவு எங்கே?' என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டதோடு சரி. கதை சோறு போடாது என்று அப்பா பிசியோதெரபி படிக்க வைத்தார். ஆனால் கதைதான் சோறு போட்டது. கதவு மெல்லத் திறக்கும் இடத்தில் நிறுத்தினால், அடுத்த வரிக்காக நோயாளி இன்னும் கொஞ்சம் வலி தாங்குவார். மறுநாள் யாரும் கூப்பிடாமலே வந்து நிற்பார். மடங்காத முட்டி, தூக்க முடியாத தோள் எல்லாம் அவள் கட்டிலைத் தேடி வந்தன. குணமானவர்கள் பாதிக் கதையோடு வீட்டுக்குப் போனார்கள். கால் சரியான சந்தோஷத்தில் யாரும் முடிவைக் கேட்டதில்லை.

இவர் ஒருவர்தான் விதிவிலக்கு. பெரிய டாக்டர் நேற்றே பொரிந்து தள்ளிவிட்டார். "இது ஆஸ்பத்திரியா, சினிமாக் கொட்டகையா? நாளைக்கு ரவுண்ட்ஸ் வரும்போது தொண்ணூறு காட்டணும். இல்லேன்னா அவருக்கு மயக்க மருந்து குடுத்து நானே மடக்கிடுறேன். நீங்க மெஷின் ரூமுக்குப் போயிடுங்க. அங்க வாய்க்கு வேலை இல்ல."

மெஷின் ரூமில் ஒயரை ஒட்டி, பட்டனை அழுத்தி, மணி அடித்ததும் ஒயரைப் பிடுங்க வேண்டும்.

தண்ணீர் பிடிக்க வராந்தாவுக்கு வந்தபோது டிரைவரின் மருமகள் பையோடு நின்றிருந்தாள். "இங்க எதுக்கு மாமா இப்படிக் கத்துறாரு? வீட்டுல கட்டிலுக்கடியில பூனைக்குப் பால் வைக்கக் குத்துக்கால் போட்டு உக்கார்றாரே!"

கதைக்காரம்மா பாட்டிலை மூட மறந்தாள். இத்தனை வாரமாகத் தொடையை இறுக்கிப் பிடித்து ஏமாற்றியிருக்கிறார் மனுஷன். அது தன் கைக்கு எப்படித் தெரியாமல் போனது? யோசித்ததும் அவமானமாக இருந்தது. கதை சொல்லும்போது அவள் பார்ப்பது கேட்பவரின் முகத்தை. முட்டியை அல்ல.

"ஐயா, பூனை சௌக்கியமா?" என்றாள் திரும்பி வந்து.

டிரைவர் ஐயா விட்டத்தைப் பார்த்தார். "மருமக போட்டுக் குடுத்துட்டாளா?"

"ஏன் ஐயா இப்படிப் பண்ணீங்க?"

"கால் மடங்கிட்டா நாளையிலேருந்து வராதீங்கன்னுடுவீங்க. அப்புறம் அந்தப் பொட்டியைப் பத்தி நான் யார்கிட்டப் போய்க் கேக்குறது? வீட்டுல சொவத்துகிட்டயா?"

"பெரிய டாக்டர் வந்துக்கிட்டே இருக்காரு. விளையாடாதீங்க."

"நீங்க கதையை முடிங்க. நான் காலை மடக்குறேன். இல்லேன்னா எழுபதுதான். மயக்க மருந்துன்னாலும் சரி."

ஹாலின் மறு கோடியில் பெரிய டாக்டரின் குரல் கேட்டது. அவள் அவசரமாகக் கதையை மனதில் ஓட்டிப் பார்த்தாள். ராத்திரி ரயில், ஆளில்லாத பெட்டி, அதில் பூட்டிய ஒரு டிரங்குப் பெட்டி, உள்ளேயிருந்து தட்டும் சத்தம், சாவியோடு நடுங்கி நிற்கும் பெண் டிக்கெட் பரிசோதகர். வாரக்கணக்கில் அந்தச் சாவியைப் பூட்டருகே கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திருப்பியிருக்கிறாள். உள்ளே என்ன என்று அவளுக்கே தெரியாது. பிணம்? பழைய சரக்கு. குழந்தை? சகிக்காது. கண்ணை மூடித் தேடினாள். அக்கா வீட்டு அலமாரிதான் தெரிந்தது.

"அவ பூட்டைத் திறந்தா. மூடியைத் தூக்கினா..." எதிரே தோள் பயிற்சிக்காகக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பக்கத்துக் கட்டிலில் யாரோ எழுந்து உட்கார்ந்தார்கள். "பாத்தா, பெட்டி காலி. ஒண்ணுமே இல்ல. அவ்வளவுதான் கதை."

டிரைவர் ஐயாவின் முகம் சிவந்தது. "காலியா? இதுக்கா நான் பொய் வலியெல்லாம் பட்டேன்? போதும்மா, ஆளை விடு!" கட்டிலைவிட்டுச் சரக்கென்று இறங்கினார், கட்டிலுக்கடியில் கிடந்த செருப்பை எடுக்கத் தரையோடு தரையாகக் குந்தி உட்கார்ந்தார்.

அதற்குள் அங்கே வந்துவிட்ட பெரிய டாக்டர் அந்த முட்டியை ஒரு பார்வை பார்த்தார். "அடடே! இது தொண்ணூறுக்கும் மேலேயே! கதையை நிறுத்தினீங்க இல்ல, பாத்தீங்களா பலன்? இனி இவர் வர வேண்டாம்." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவள் கோணமானியை மடக்கினாள். மெஷின் ரூமிலிருந்து தப்பித்தாயிற்று. மற்ற கட்டில்காரர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கயிறு இழுப்பவர் சுவரைப் பார்த்து இழுத்தார். பேசாமல், முடிவு எனக்கே தெரியாது என்று உண்மையைச் சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். இப்படி ஒரு முடிவைச் சொன்னதற்கு அது எவ்வளவோ தேவலை. கோணமானி உறைக்குள் சரியாக நுழையாமல் சதி செய்தது. திணித்தாள்.

டிரைவர் ஐயா சொல்லிக்கொள்ளாமல் மருமகள் பின்னால் விறுவிறுவென்று நடந்தார். கதவருகே அந்த நல்ல கால் தயங்கியது. திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, பொட்டி காலின்னா, உள்ளேருந்து தட்டினது யாரு?"

கதவு அவர் பின்னால் ஆடி ஆடி நின்றது. கயிறு இழுப்பவர் கயிற்றை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். டக், டக், டக் என்று சத்தம். காலியான கட்டிலின் இரும்புச் சட்டத்தில் அவளுடைய விரல்கள்தான் தட்டிக்கொண்டிருந்தன.