எல்லையில் தொங்கிய பூட்ஸ்

பத்தொன்பது வயது வரை அம்சவல்லிக்கு அப்பா தீர்த்தகிரியின் முதுகுதான் கால். இளம்பிள்ளைவாதம் அவளுடைய இரண்டு கால்களையும் சூம்ப வைத்திருந்தது. பள்ளிக்கூடம், சந்தை, காவலூர் பஸ், எல்லாம் அந்த முதுகின் மேல்தான்.

திருப்பத்தூர் முகாமில் பூட்ஸ் வைத்த இரும்புக்கால்கள் கொடுத்தார்கள். மூன்று மாதம் விழுந்து விழுந்து பழகினாள். தீர்த்தகிரி தூக்க ஓடினால், "எட்ட நில்லு நாய்னா!" என்று ஒரே அதட்டல். அவருக்குச் சிரிப்பும் வரும், முதுகு என்னவோ போலவும் இருக்கும்.

திங்கட்கிழமை திருப்பத்தூரில் ரேடியோ ரிப்பேர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். தங்க விடுதி உண்டு. யார் துணையும் இல்லாமல் நடப்பவர்களுக்கு மட்டுமே இடம்.

வெள்ளிக்கிழமை ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். எட்டு நாள் ஊர் எல்லைக்குள் தோல் செருப்பு காலிலும் வரக்கூடாது, கையிலும் வரக்கூடாது.

"இன்னா தீர்த்தகிரி, அம்மன் தெருவுல உம் பொண்ணு மட்டும் பூட்ஸ் போட்டுக்கினு டக்கு டக்குன்னு வரா? கலெக்டரா?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் இடித்தாள்.

தீர்த்தகிரி யோசித்தார். தாங்குவது இரும்பு. பூட்ஸ் வெறும் செருப்புதானே? ஞாயிறு சாயங்காலம் மகள் குளிக்கும் நேரத்தில், கத்தியால் பூட்ஸ் இரண்டையும் அறுத்தெடுத்து, எல்லைப் புளியமரத்தில் மாட்டிவிட்டு வந்தார்.

"இனிமே ஒருத்தரும் வாய் தொறக்க முடியாது கண்ணு. கோயிலுக்கே நீ நடந்து வரலாம்."

அம்சவல்லி கம்பிகளைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். கம்பி முனைகள் மண்ணில் குத்தி இறங்கின. குப்புற விழுந்தாள்.

"கம்பி நின்னதே அந்த பூட்ஸுலதான் நாய்னா" என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அறுத்த பூட்ஸை ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்துக் கொடுக்க ஊரில் ஆளில்லை. மறுநாள் திருப்பத்தூருக்கு முதுகில் சுமந்துதான் போனார். பயிற்சிக்கூட வாசலிலேயே இறங்கிக்கொண்டு, கைகளை ஊன்றித் தவழ்ந்து தனியாக உள்ளே போனாள். பத்தே நிமிடம். ஆள் எடுக்கும் அம்மாள் வெளியே வந்து தீர்த்தகிரியிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "கெட்டிக்காரப் பொண்ணுங்க. ஆனா விடுதியில மாடிப்படி ஏறணும். அடுத்து எப்ப எடுப்பாங்கன்னு தெரியாது."

பஸ் இறங்கியதும், வழக்கம்போல் முதுகைக் காட்டிக் குந்தினார். பாரம் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தார். உள்ளங்கைகளில் துணியைச் சுற்றிக்கொண்டு, சரளைக் கற்களின் மேல் அவரைத் தாண்டித் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

"ஏறிக்கம்மா. கல்லு குத்தும்."

"எட்ட வா நாய்னா."

இந்த முறை அதில் அதட்டல் இல்லை.

புளியமரம் வந்ததும் தீர்த்தகிரி பூட்ஸை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். தோலோடு எல்லைக்குள் போகக்கூடாது. திரும்ப மாட்டிவிட்டுப் போகவும் கை வரவில்லை. அப்படியே நின்றார்.

தெருவுக்குள் பெரியம்மாளின் குரல் கேட்டது.

"அடிப் பாவி, தவழ்ந்துக்கினா வர? எங்கடி உங்க நாய்னா?"

"பின்னால வர்றாரு."