ஆளுக்கொரு வாசல்

"அப்பா, வந்துட்டான்," என்றாள் மகள்.

கட்டிலில் முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்திருந்தவள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். அதுவரை தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்த கோடுகளில் ஒன்று செங்குத்தாக எழுந்து திரையின் மேல்விளிம்பில் முட்டி நின்றது. வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். மருந்தால் முடியெல்லாம் போய், கழுத்தெலும்பு துருத்த உட்கார்ந்திருந்த அவள் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு களை வந்திருந்தது. திருடன் வந்ததற்குச் சந்தோஷப்படும் வீட்டுக்காரியை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவள் நடத்தியது ஒரு சிறிய மைனிங் பூல். கிரிப்டோ நாணயம் எடுக்கும் இயந்திரத்தைத் தனியே ஓட்டுவது லாட்டரி மாதிரி. ஆயுள் முழுக்க ஓட்டினாலும் ஒன்றும் விழாமல் போகலாம். அதனால் ஒன்றிரண்டு இயந்திரம் வைத்திருப்பவர்கள் கூட்டுச் சேர்ந்து, விழுவதை அவரவர் இயந்திரத்தின் உழைப்புக்குத் தக்கபடி பிரித்துக்கொள்வார்கள். சலூன்காரர், லாரி ஓட்டுநர், ஓய்வுபெற்ற டீச்சர் என்று எளிய மனிதர்கள். படுக்கையறையிலும் கடையின் பின்கட்டிலும் இரைந்துகொண்டிருக்கும் அவர்களுடைய இயந்திரங்கள் எல்லாம் வந்து சேரும் இடம் என் மகளின் சர்வர். அதற்குத்தான் அடி விழுந்துகொண்டிருந்தது.

அடி என்றால் என்ன என்று அவள்தான் எனக்கு விளக்கினாள். "ரொட்டிக் கடை வச்சிருக்கோம்னு வைங்க. திடீர்னு ஊர்ல இருக்கற வேலையத்தவன் எல்லாம் வந்து நின்னு 'ரொட்டி இருக்கா, ரொட்டி இருக்கா'ன்னு கேட்டுட்டே இருக்கான். வாங்கவும் மாட்டான், போகவும் மாட்டான். நிஜமா வாங்க வந்தவன் தெருவுல நிப்பான்."

"அவ்வளவு பேரை எங்கேருந்து கூட்டிட்டு வரான்?"

"ஆளே கிடையாதுப்பா. ஊரான் வீட்டு கேமரா, டிவி பெட்டின்னு எல்லாத்துக்குள்ளயும் புகுந்து வச்சிருப்பானுங்க. அதை வாடகைக்கு விடறானுங்க. ஒரு வேளை சாப்பாட்டு விலையை விட்டெறிஞ்சா போதும், யாரை வேணா அடிப்பானுங்க."

அந்தச் சாப்பாட்டு விலைதான் எனக்குக் குமட்டியது. பெரும் பகை கொண்டு, சொத்தை விற்று எதிரியை அழித்தான் என்றால் அதில் மனுஷத்தனமாவது கொஞ்சம் இருக்கும். இது சாப்பிட்டுக் கை கழுவப் போகிறபோது போகிற போக்கில் அடுத்தவன் தண்ணீர்க் குடத்தில் துப்பிவிட்டுப் போவது. சர்வரை வாடகைக்கு விட்டிருந்த கம்பெனிக்காரன் அயோக்கியத்தனத்தில் அவனுக்கு அண்ணன். உங்களால் மற்ற வாடிக்கையாளர்களுக்குத் தொந்தரவு என்று சொல்லி எங்கள் இணைப்பையே வெட்டிவிட்டு, மறுநாள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை விற்பதற்குத் தேன் வடியும் குரலில் ஒரு பெண்ணைப் பேச வைத்தான். என் மகள் வாந்தி எடுத்து முடித்து வந்து அந்தக் குரலுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

நாங்கள் விழுந்தால் இயந்திரங்கள் காத்திருக்காது. ஒவ்வொன்றிலும் இரண்டாவதாக ஒரு முகவரி எழுதியிருக்கும். தாமாகவே அங்கே போய்விடும். எல்லா இயந்திரத்திலும் இருந்தது ஒரே பெரிய பூலின் முகவரி. வீடு வீடாகப் போய் அதைப் போட்டுக் கொடுத்தவன் என் மனைவியின் தம்பி. "ஒரு சேஃப்டிக்கு" என்று சொல்லிப் பைக்கில் அலைந்தான். பூல் ஆரம்பித்தபோது முதல் ஆளாகச் சேர்ந்தவனும் அவன்தான். என் மகளைத் தோளில் தூக்கி வளர்த்த மாமன்.

மகள் சர்வரை வேறிடத்துக்கு மாற்றி மறைத்தாள். அதன் முன்னே வாசல்கள் மாதிரி சில சின்ன சர்வர்களை வாடகைக்குப் பிடித்து நிறுத்தினாள். திரையில் வாசலுக்கு ஒரு கோடு; அடி விழுகிற வாசலின் கோடு எழுந்து நிற்கும். உறுப்பினர்களைப் பிரித்து வாசலுக்குக் கொஞ்சம் பேராக விட்டு, முகவரியை அவரவருக்குத் தனியே அனுப்பினாள். எல்லோரும் ஒரே வாசலில்தான் நுழைகிறோம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அதில் ஒரு வாசலில் அடி விழுந்தது. அங்கே இருந்தவர்களைப் பாதியாகப் பிரித்து இரண்டு புது வாசல்களில் விட்டாள். அடுத்த அடி அந்த இரண்டில் ஒன்றில் விழுந்தது. மறுபடி பிரித்தாள்.

"மாவு சலிக்கற மாதிரிப்பா. அவன் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் பாதிப் பேர் நல்லவங்கன்னு தெரிஞ்சுடுது."

"அப்போ நம்ம ஆளேதானா?"

"பின்னே? வெளியாளுக்கு இந்த வாசல் எப்படித் தெரியும்?"

கடைசியில் சல்லடையில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் சலூன்காரர். இன்னொருவன் என் மச்சான்.

"சலூன்காரன்தான்," என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"அந்த மீசையும் அவனும்."

"மீசையை வச்சே பிடிச்சுடலாம்னா நான் எதுக்குப்பா இத்தனை வாசலுக்கு வாடகை கட்டறேன்?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரம் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் இருவரையும் ஆளுக்கொரு வாசலில் விட்டாள். "யாருன்னு தெரிஞ்சாலும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. நான் வந்து பேசிக்கறேன்."

அவள் வரவில்லை.

எல்லாம் முடிந்த பிறகும் வீட்டுக்கு ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். துக்க வீட்டுக்கென்றே சில முகங்கள் இருக்கின்றன. வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாட்டிக்கொண்டு, திரும்பப் போடும்போது கழற்றிவிடுகிற முகங்கள். நாற்காலி, தண்ணீர் கேன், ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எல்லாவற்றையும் மச்சான்தான் பார்த்தான். என் மனைவி பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. தம்பியின் தோளில் தலையைச் சாய்த்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலையில் லாரி ஓட்டுநரும் சலூன்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். முடி கொட்டத் தொடங்கியபோது வீட்டுக்கே வந்து என் மகளின் தலையை மழித்துவிட்டவர் அந்தச் சலூன்காரர். அன்று அவள் அழவில்லை, அவர்தான் அழுதார்.

மச்சான் போனைப் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் சொன்னான். "அத்தான், இந்த நேரத்துல சொல்லக் கூடாதுதான். பூல்ல மறுபடி அடி. மொத்தமா விழுந்துடுச்சு. பாவம், எல்லாரும் வெளிய நிக்கறாங்க."

சலூன்காரர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எனக்கு ஓடுதே சார்."

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டுத்தானே சொல்றேன். ஜோரா ஓடுது."

"எனக்கும்தான்," என்றார் லாரி ஓட்டுநர்.

நான் எழுந்து மகளின் அறைக்குப் போனேன். கட்டிலின் விரிப்பை இன்னும் யாரும் எடுக்கவில்லை. திரையில் எல்லாக் கோடுகளும் தரையோடு ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் செங்குத்தாக நின்றது. அதன் கீழே 'மாமா' என்று எழுதியிருந்தாள். எந்த நேரத்தில் அந்தச் சாப்பாட்டு விலையைக் கட்டியிருப்பான்? அக்காவின் தலை ஒரு தோளில் இருக்க, இன்னொரு கையின் கட்டைவிரலாலா?  திரையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"அப்போ என் வீட்டு நெட்தான் படுத்துடுச்சு போல," என்று அவன் சிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரிப்பை மடித்து வைத்தான். "எப்படியும் உங்களால இதைக் கட்டி மேய்க்க முடியாது அத்தான். பாஸ்வேர்டைக் குடுங்க. எல்லாரையும் பெரிய பூலுக்கு மாத்தி விட்டுடறேன். அங்க நமக்கு ஆள் இருக்கு. தலைக்கு இவ்வளவுன்னு ஏதோ தருவான், அதையும் அக்கா கையிலயே குடுத்துடறேன்."

"அவன்கிட்டயே குடுத்துடுங்க," என்றாள் மனைவி. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை. "பிள்ளை கட்டினது. கண்டவன் கைக்குப் போக வேண்டாம்."

"அதெல்லாம் அப்புறம். நீ முதல்ல ஒரு வாய் சாப்பிடுக்கா."

வேண்டாம் என்று எல்லோரிடமும் முகத்தைத் திருப்பியவள் அவனிடம் திருப்பவில்லை. அவன் தட்டை மடியில் வைத்துப் பிசைந்தான். அவள் ஒரு வாய் வாங்கினாள். மென்றாள். உள்ளே இறங்கியது தொண்டையில் தெரிந்தது. அறையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். துக்கத்துக்கு வந்திருந்த பூல் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி பயமில்லை" என்றார். வாயோரத்தில் ஒட்டியதை அவன் கட்டைவிரலால் வழித்துவிட்டான்.

இவளுக்கு இனி இருப்பது இவன் ஒருவன்தான். என் மகளுடையது என்று மிஞ்சியிருப்பது அந்த அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"இங்க பாரு," என்றேன்.

அவன் அடுத்த உருண்டையைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தான். "என்ன அத்தான்?"

விரலிடுக்கில் எண்ணெய் இறங்கி மணிக்கட்டுக்கு வந்துகொண்டிருந்தது. என் மனைவி கண்களை மூடி, வாயைத் திறந்து காத்திருந்தாள்.