ஒன்றரை மணி நேரம்

துபாய்ப் பக்கம் அல் ஐனிலிருந்து நான் எந்த நேரத்தைச் சொன்னாலும் நாகவள்ளி அதோடு ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ஒன்பதுக்குக் கூப்பிடுகிறேன் என்றால், ஊரில் பத்தரைக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊர் நேரத்தை நான் சொன்னதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை.

அப்பா இறந்த செய்தி வந்தபோது சைட்டில் இருந்தேன். அழுகை வரவில்லை. கையிலிருந்த ஏசி குழாயை மாட்டி முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன். நான் ஒரே பிள்ளை, கொள்ளி நான்தான் வைக்க வேண்டும். கம்பெனி ஆபீஸோ பாஸ்போர்ட்டைக் கொடுக்க இரண்டு நாள் இழுத்தடித்தது. "சபர் கரோ பாய்", பொறுத்துக்கொள் என்று இந்தியில் சொல்லிவிட்டு அந்த ஆள் டீ குடித்தான். அவன் மேல் கோபம்கூட வரவில்லை. ஊரில் அப்பா ஐஸ் பெட்டியில் காத்துக்கிடந்தார்.

டிக்கெட் கைக்கு வந்ததும் அதில் போட்டிருந்ததை அப்படியே நாகவள்ளியிடம் சொன்னேன்.

"திருச்சியில மூணு மணிக்கு எறங்குறேன். நான் வர்ற வரைக்கும் அப்பாவ எடுத்துறாதீங்க."

"சரிங்க" என்றாள்.

நாலு மணி நேரப் பயணம். பக்கத்து சீட்காரர் "லீவா தம்பி?" என்றார். "ஆமாண்ணே" என்றேன். கொடுத்த பிரியாணியைச் சாப்பிட்டேன். சாப்பிட முடிந்ததுதான் எனக்கே பிடிக்கவில்லை.

இறங்கியதும் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. மேளச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டு டாக்சியில் ஏறினேன்.

வீட்டு வாசலில் இறங்கியபோது நல்ல வெயில் இருந்தது. பந்தலுக்கடியில் கழுவிவிட்ட ஈரம். ஐஸ் பெட்டியை இரண்டு பேர் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மகன் வீரபாண்டி மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக நின்றான். என்னைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாலரைக்கு எறங்குறன்னு நாகவள்ளி சொல்லுச்சுப்பா. நீ வந்து சேர்றதுக்குள்ள இருட்டிரும். இருட்டுனா எரிக்கக் கூடாது. இன்னொரு ராத்திரியும் எப்புடிப்பா போட்டு வச்சிருக்கிறது?"

நாலரை. கேட்டவுடன் புரிந்துவிட்டது. டிக்கெட்டில் இறங்கும் நேரத்தை நம்மூர்க் கணக்கில்தான் போடுவார்கள். அதன் மேலும் அவள் வழக்கம்போலக் கூட்டியிருக்கிறாள்.

நாகவள்ளி ஈரத் தலையோடு உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, எப்புடிங்க இவ்வளவு சீக்கிரம்?"

அவள் உதடு அசைந்தது. கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். அப்பாவுக்குக் கடைசிவரை கஞ்சி ஊட்டியவள் அவள். இரண்டு நாளில் முதல்முறையாக எனக்கு நெஞ்சு வலித்தது.

"காத்து வாட்டமா இருந்துச்சு. பிளைட்டு சீக்கிரமே வந்துருச்சு" என்றேன்.

"ஒன்றரை மணி நேரமா?"

"ஆமா. சில நாளு அப்படித்தான்."

அவள் விமானத்தில் ஏறியதே இல்லை. நம்பினாள்.