ஒண்ணாம் நம்பர் சாம்பிள்

எங்கள் ஆய்வகத்தில் யார் புதிதாக எந்தப் புரோகிராம் எழுதினாலும் முதலில் அதில் மாட்டுவது ரத்தம் எடுக்கும் அண்ணன்தான். நேரில் அல்ல, கம்ப்யூட்டரில். அவருடைய மரபணுக்கள் எங்களுக்கு மனப்பாடம் என்பதால், புரோகிராம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அவற்றில்தான் ஓட்டிப் பார்ப்போம். பெயர் மறைத்த ஆயிரக்கணக்கான சாம்பிள்களுக்கு நடுவில் எனக்கு முகம் தெரிந்த ஒரே மனிதர் அவர். பட்டப்பெயர் ஒண்ணாம் நம்பர். "இந்தக் கட்டடத்துக்கே நான்தான்மா ஒண்ணாம் நம்பர்" என்று அவரும் அலட்டிக்கொள்வார். ரத்தம் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: என்ன தெரியவந்தாலும் தன்னிடம் சொல்லக் கூடாது.

அன்று மதியம், நோய் தரும் மரபணு மாற்றங்களின் புதுப் பட்டியல் வந்திருந்தது. வழக்கம்போல அவர்மீது ஓட்டினேன். எப்போதும் வெறுமையாக வரும் இடத்தில் ஒரு சிவப்பு வரி. இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. நேற்றுவரை 'தெரியவில்லை' என்றிருந்த மாற்றம் இன்று 'ஆபத்து' ஆகிவிட்டது. வேகமாக ஓடினாலோ திடீரென்று அதிர்ந்தாலோ இதயம் நின்றுவிடலாம்.

நான்தான் சொதப்பியிருப்பேன் என்று என்னையே திட்டிக்கொண்டு, கருவி படித்த மரபணுத் துணுக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பாதியில் சரியான எழுத்து, பாதியில் மாறிய எழுத்து. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வந்த மாற்றம் அப்படித்தான் தெரியும். பிழைக்கு இடமே இல்லை.

ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊழியர் குடும்பங்களுக்கான விளையாட்டுப் போட்டி. தொடர் ஓட்டத்தில் ஒண்ணாம் நம்பரும் இருந்தார்.

தலைமை டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"இது ஆராய்ச்சி முடிவு. மறுபடி சோதிச்சு உறுதி பண்ணணும். அவரு வேண்டாம்னு சொன்னவரு வேற. குழு கூடி முடிவு பண்ணட்டும், அதுவரைக்கும் வாயத் திறக்காத."

"குழு கூடுறதுக்குள்ள அங்க விசில் அடிச்சிடுவாங்க மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபம் இல்லாவிட்டால் பயத்தில் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

மைதானத்தில் அவர் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் படிக்கும் மகள் எதிர்க்கோடியில், அப்பா கொண்டுவந்து தரும் கட்டையை வாங்கி ஓடக் காத்து நின்றாள். சொன்னால் அதிர்ச்சி, சொல்லாவிட்டால் ஓட்டம்.

"அண்ணா, இன்னைக்கு ஓட வேண்டாமே."

"ஏம்மா, எதிர் டீம் உனக்கு லஞ்சம் குடுத்துச்சா?"

நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தவர் நாடாவை அப்படியே விட்டார்.

"என்னோட சாம்பிளா?"

நான் தலையைக்கூட அசைக்கவில்லை.

"சொல்லாத. எங்கப்பா பஸ்ஸைப் பிடிக்க ஓடுனவரு, அங்கயே விழுந்துட்டாரு. அப்பவே எனக்குச் சந்தேகந்தான். தெரியாமலே இருந்துட்டுப் போறேன்னுதான் அன்னைக்குக் கேட்டுக்கிட்டேன்."

எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டார். பிறகு எதிர்க்கோடியைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"அவளுக்கும் இருக்குமா?"

"பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குண்ணா. ஓடக் கூடாது. திடுக்கிட வைக்கவும் கூடாது."

அவர் மகளை நோக்கி நடந்தார். எதற்கும் துள்ளிக்கொண்டு போகிற மனிதர், அடிமேல் அடி வைத்து நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். பாதி வழியில் நின்று, குரலில் துளி நடுக்கமில்லாமல் கூப்பிட்டார்.

"பாப்பா, அப்பாவுக்குக் கால் பிடிச்சுக்கிச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தோத்துட்டியாப்பா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம், அப்பாவைத் தாங்கிப் பிடிக்க எங்களை நோக்கி ஓடி வர ஆரம்பித்தாள். அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கத்தி நிறுத்தக் கூடாது என்று இருவருக்கும் தெரியும்.